கல்யாணத்துக்கு அப்பா மட்டும் மாஸ்க் போட்டா போதுமா?

காவிரிக்கரை

வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே வாசிக்க மட்டும் செய்றேன். எழுதறது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு ஏழு மாசம் முன்னாடி கிட்னி மாத்தினாங்க. கொடுத்தது அம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. "சாதாரண சளிகூட உங்களுக்குச் சாதாரணமா இருக்காது, கூட்டத்துக்குள்ள மாஸ்க் இல்லாம போகாதீங்க"ன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

அடுத்த மாசம் கும்பகோணத்துல சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம். சித்தப்பா 2021 மே மாசம் கொரோனாவுல போயிட்டார். தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியது அப்பாவும் அம்மாவும்தான். ஏசி மண்டபம், அறுநூறு பேர். வரலைன்னு சொல்ல அப்பாவால முடியாது. நாங்களும் சொல்லச் சொல்ல மாட்டோம்.

சித்தி எதுவும் சொல்லலை. அத்தைதான், "மணவறையில மூஞ்சியை மூடிக்கிட்டு உட்கார்ந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க, வீட்ல யாருக்கோ தொத்து வியாதின்னுதானே"ங்கறாங்க. தம்பி வேற, மாஸ்க்கே வேலை செய்யாதுன்னு பெரிய ஆராய்ச்சி வந்துடுச்சுன்னு லிங்க் அனுப்பறான்.

அவர் ஒருத்தர் மட்டும் போட்டா பிரயோஜனம் உண்டா? எதை வாங்கணும்? பந்தியில உட்காரும்போது என்ன பண்றது?

அரட்டை அரசன்

2020ல எங்க மாமா பையன் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பட்டு மாஸ்க், பொண்ணுக்குப் புடவைக்கு மேட்சா ஜரிகை வெச்ச மாஸ்க். போட்டோகிராபர் "கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். சிரிச்சோமா இல்லையான்னு ஆல்பத்துல இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை. அப்பாவைத் தைரியமா போடச் சொல்லுங்க.

நைட் டூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ். பதினாறு வருஷ சர்வீஸ், அதுல நாலு வருஷம் நெஞ்சுநோய் வார்டு.

மாஸ்க்குக்கு ரெண்டு வேலை. போட்டிருக்கறவர் வாயிலேருந்து வர்றதைப் பிடிச்சு வெக்கறது ஒண்ணு. வெளியில மிதக்கறதை உள்ளே விடாம தடுக்கறது இன்னொண்ணு. நீலக் கலர் சர்ஜிக்கல் மாஸ்க் முதல் வேலைக்குன்னு வந்தது. ஆபரேஷன் டேபிள்ல டாக்டர் எச்சில் வயித்துக்குள்ள விழக்கூடாதுன்னு செஞ்சது அது. ரெண்டாவது வேலைக்கு அரைகுறைதான். மூக்கு ஓரத்துலயும் கன்னத்து ஓரத்துலயும் சந்து இருக்கும், மூச்சு அந்த வழியாத்தான் போகும். என்-95 ரெண்டாவது வேலைக்குன்னே செஞ்சது. அப்பாவுக்கு அதுதான்.

முதல் வேலை எவ்வளவு முக்கியம்னு சொல்றேன். தென்னாப்பிரிக்காவுல ஒரு டிபி வார்டு, மருந்துக்கு அடங்காத டிபி இருந்தவங்க. வார்டு காத்தை ரெண்டு அறைக்குக் குழாய் வழியா அனுப்பி, அறைக்கு 90 கினிப் பன்னியை (எலி மாதிரி சின்னப் பிராணி, சோதனைக்கு வெக்கறது) வெச்சிருந்தாங்க. நோயாளிங்க ஒருநாள் விட்டு ஒருநாள் மாஸ்க் போடுவாங்க. போட்ட நாள் காத்து ஒரு அறைக்கு, போடாத நாள் காத்து இன்னொண்ணுக்கு. போடாத நாள் காத்தைச் சுவாசிச்சதுல 69 பன்னிக்குத் தொத்திடுச்சு. போட்ட நாள் காத்துல 36. நோயாளி முகத்துல இருந்தது வெறும் சர்ஜிக்கல் மாஸ்க்தான்.

அதனால ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான். அப்பா மட்டும் போட்டாலும் பிரயோஜனம் உண்டு, என்-95 சரியா முகத்துல உட்கார்ந்தா. ஆனா அவர் பக்கத்துல வந்து இருமுறவர் போட்டா அதைவிடப் பெரிய பிரயோஜனம். வார்டுல நான் பார்த்த வரைக்கும் நல்லா இருக்கறவங்கதான் பயந்து போடுவாங்க. இருமுறவர் போட மாட்டார். "அதைப் போட்டா மூச்சு முட்டுது சிஸ்டர்"ம்பார்.

இன்ஃப்ளூயன்சா ஊசி பத்தி டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. உயிருள்ள கிருமி வெச்ச ஊசி அப்பாவுக்கு ஆகாது, ஆகிற ஊசி இருக்கு. வீட்ல இருக்கற மத்தவங்களும் போட்டுக்கலாம்.

எண்சுவடி

கசப்பான பக்கத்தைச் சொல்ல ஒருவர் வேண்டுமே, நான் சொல்கிறேன். புள்ளியியல் பாடம் நடத்துபவன். மாஸ்க்குக்கு எதிரி இல்லை.

தம்பி அனுப்பியது அநேகமாக 2023 ஜனவரியில் வந்த கோக்ரேன் தொகுப்பாக இருக்கும். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசுகிற சர்வதேச அமைப்பு கோக்ரேன். கை கழுவுதல், மாஸ்க் எல்லாம் சேர்த்து 78 சோதனைகளை அலசியது. பொதுமக்களை மாஸ்க் போடச் சொன்னதால் காய்ச்சல், சளி குறைந்ததாகத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பது அதன் முடிவு. டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் சுமார் 6000 பேரை வைத்துச் சோதித்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொன்ன குழுவில் 1.8 சதவீதம் பேருக்குத் தொற்று, சொல்லாத குழுவில் 2.1 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது.

கினிப் பன்றி சோதனை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் கினிப் பன்றி பந்திக்குப் போவதில்லை, வெற்றிலை போடுவதில்லை, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு போனில் பேசுவதில்லை.

அரட்டை அரசன்

> கினிப் பன்றி பந்திக்குப் போவதில்லை

சார், அது பந்திக்கு வந்தா வேற பிரச்சனை.

ஸ்காபரோ சித்தி

எண்சுவடி அண்ணைக்கு ஒரு கதை.

நான் ரொறன்ரோவில இருக்கிறன். 2003 இல சார்ஸ் எண்ட நுரையீரல் தொற்று வரேக்க மூத்தவன் கைக்குழந்தை. இஞ்சை எங்கட சனம் கனபேர் இருக்கிற ஸ்காபரோவிலதான் முதல் வெடிச்சது. கனடாவில 44 பேர் செத்தவை. அதில ரெண்டு தாதிமார், ஒரு டொக்டர். என்-95 தேவையோ, சர்ஜிக்கல் மாஸ்க் காணுமோ எண்டு அப்பவும் இதே வாக்குவாதம்தான். காத்தில பரவுது எண்டதுக்கு ஆதாரம் காணாது எண்டு ஒரு பக்கம். தாதிமார் சங்கம், "ஆதாரம் வாறதுக்கிடையில நாங்கள் செத்துப்போவம்" எண்ட மாதிரி மற்றப் பக்கம்.

பிறகு நீதியரசர் ஆர்ச்சி கம்பெல் தலைமையில விசாரணை வைச்சவை. அந்த அறிக்கை 2007 ஜனவரியில வந்தது. அதின்ர சாரம் இதுதான்: ஆபத்தைக் குறைக்க நியாயமான வழி கையில இருக்கேக்க, விஞ்ஞானம் நூறு வீதம் உறுதிப்படுத்தும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

பிள்ளை, நீங்கள் அப்பாவுக்கு என்-95 தான் போடுங்கோ. வேலை செய்யாட்டி என்ன நட்டம்? மூக்கில ஒரு கோடு விழும், அவ்வளவுதான்.

எண்சுவடி

அம்மா, முன்னெச்சரிக்கை வாதத்தை ஏற்கிறேன். ஓர் அப்பாவுக்கு அது சரி. "நட்டம் ஒன்றும் இல்லை" என்பதை மட்டும் ஊர் முழுக்க நீட்டாதீர்கள். கீழே யாராவது வந்து சொல்வார்கள் பாருங்கள்.

பாதிக்காது

நான்தான் அந்த யாராவது. பெயரைப் பார்த்தாலே தெரியுமே. வலது காது சுத்தமாக் கேட்காது, இடது காது பாதி. நாப்பது வருஷமா மத்தவங்க உதட்டைப் படிச்சுத்தான் பொழப்பு. 2020 ஏப்ரல்ல ஒரே வாரத்துல ஊர்ல யாருக்கும் உதடே இல்லாமப் போச்சு. பேங்க்ல, ரேஷன் கடையில, மருந்துக்கடையில எங்கே போனாலும் "என்ன?" "என்ன?"ன்னு நான். அவங்க கோவத்துல இன்னும் மெதுவாப் பேசுவாங்க, நல்லா சத்தமாப் பேச வேண்டிய நேரத்துல. மகள் கூட வந்தாத்தான் வெளியே போறதுன்னு ஆயிடுச்சு.

மாஸ்க் வேண்டாம்னு சொல்ல வரலை, நானும் போட்டேன். நட்டமில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க.

கல்யாண விஷயம்: என்-95 போட்டுக்கிட்டு அப்பா சங்கல்பம் திருப்பிச் சொல்லணும், கோத்திரம் பேர் எல்லாம் சொல்லணும். வீட்லயே ரெண்டு நாள் போட்டுப் பேசிப் பழகச் சொல்லுங்க. ஐயர்கிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

காவிரிக்கரை

இதை நாங்க யோசிக்கவே இல்லை. ரொம்ப நன்றி சார்.

ஸ்காபரோ சித்தி

தம்பி, குறை நினைக்காதேங்கோ. நான் சொன்னது பிழைதான்.

பனியன் கம்பெனி

ஏனுங்க, துணிப் பேச்சு வந்தா திருப்பூர்க்காரன் சும்மா இருக்க முடியுமுங்களா.

2020ல பனியன் ஆர்டர் நின்னு போச்சு, பாதிப் பேரு மாஸ்க் தைக்க இறங்கிட்டோம். மொதல்ல கட்டிங் வேஸ்ட்டு பனியன் துணியில தெச்சோம். உள்ளதைச் சொல்லோணும்: அது பார்வைக்குத்தானுங்க. பின்னல் துணியில கண்ணு கண்ணா ஓட்டை, இழுத்தா இன்னும் விரியும்.

சர்ஜிக்கல்ல மூணு லேயர். வெளியிலயும் உள்ளயும் ஸ்பன்பாண்டுங்கற நெய்யாத துணி, நடுவுல மெல்ட்ப்ளோன். பிளாஸ்டிக்கை உருக்கிச் சூடான காத்துல ஊதினா சிலந்தி நூல் மாதிரி இழை வரும், அதுதான் மெல்ட்ப்ளோன். மொத்தச் சரக்கும் அதுலதான் இருக்கு. ரெண்டு பக்கம் ஸ்பன்பாண்டைப் போட்டு நடுவுல ஒண்ணுமில்லாம வித்தவங்களும் உண்டுங்க. வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

என்-95ல அந்த இழைக்கு மின்சாரம் ஏத்தி வெச்சிருக்கும். பீட்டர் சாய்னு தைவான்ல பொறந்து அமெரிக்கா டென்னசி போனவரு கண்டுபிடிச்ச முறைங்க, 1995ல காப்புரிமை. சீப்பைத் தலையில தேய்ச்சுக் காயிதத் துண்டுகிட்ட கொண்டு போனா ஒட்டிக்கும்ல, அதே சமாச்சாரம். ரொம்ப நுணுக்கமான தூசி இழையை உரசாமயே தப்பிக்கப் பார்க்கும், அதை மின்சாரம் இழுத்து ஒட்டவெச்சிரும். வலை மாதிரி சலிக்குதுன்னு நெனச்சுக்கறாங்க, அது இல்லீங்க. கிருமி ஓட்டையை விடச் சின்னதாச்சே, எப்படித் தடுக்கும்னு கேக்கறவங்களுக்கும் பதில் இதுதான்.

அதனால துவைக்கப்படாதுங்க. சோப்புத் தண்ணி, சானிட்டைசர் பட்டா அந்த மின்சாரம் போயிரும். பார்க்க மாஸ்க் மாதிரியேதான் இருக்கும், சரக்கு போயிருக்கும்.

வாங்கறப்போ ரெண்டு பாருங்க. ஐஎஸ் 9473ன்னு இந்தியத் தர எண் போட்டிருக்கோணும், ஐஎஸ்ஐ முத்திரையோட. அதுல எஃப்எஃப்பி2ன்னு இருந்தா ஏறக்குறைய என்-95க்குச் சமம். ரெண்டாவது, பட்டை காதுல மாட்டறதா, தலைக்குப் பின்னால போறதா பாருங்க. தலைப்பட்டைதான் முகத்தோட இறுக்கி நிக்கும். மருந்துக்கடையில குமிச்சு வெச்சிருக்கற காதுப்பட்டைக்கு என்-95ன்னு அச்சு மட்டும் இருக்கும்.

நைட் டூட்டி

பனியன் கம்பெனி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு சேர்க்கறேன். வால்வு வெச்சது வாங்காதீங்க. மூச்சு விடற காத்து வடிகட்டாம வெளியே போகும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை அதை வேண்டாம்னு மாநிலங்களுக்கு எழுதிச்சு. அப்பாவுக்கு அது பாதுகாப்புதான், ஆனா பக்கத்துல உட்காரப்போறது கிட்னி கொடுத்த அம்மா.

அப்பாவுக்குத் தாடி இருந்தா எடுக்கச் சொல்லுங்க. தாடிக்கும் என்-95க்கும் ஆகாது. போட்டுக்கிட்டு ரெண்டு கையையும் மேல வெச்சு வேகமா ஊதச் சொல்லுங்க. மூக்குக் கண்ணாடியில ஆவி படிஞ்சா மேல கசியுதுன்னு அர்த்தம், கம்பியை மூக்கோட அழுத்தணும்.

பினாங்குக்காரன்

இந்த மாஸ்க் கதைக்கு வேர் எங்கள் ஊரில் இருக்கிறது, அதையும் கேளுங்கள். வூ லியன் டே, 1879இல் பினாங்கில் பிறந்த சீனர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி, கேம்பிரிட்ஜ் போய் டாக்டர் ஆனவர்.

1910 கடைசியில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் பிளேக். 31 வயசுக்காரர் இவரை அங்கே ஹார்பின் நகருக்கு அனுப்புகிறார்கள். அறுத்துப் பார்த்தால் நோய் நுரையீரலில் இருக்கிறது. எலியும் தெள்ளும் இல்லாமலே ஆளுக்கு ஆள் மூச்சில் போகிறது என்கிறார். பஞ்சை நடுவில் வைத்து, மேலும் கீழும் காஸ் துணி, தலைக்குப் பின்னால் முடிச்சு. டாக்டர், போலீஸ், பிணம் தூக்குகிறவர் எல்லாரும் கட்ட வேண்டும் என்றார்.

மெனி என்று ஒரு பிரெஞ்சு டாக்டர், இவரைவிட மூத்தவர், பெரிய அனுபவசாலி. பிளேக் என்றால் எலியும் தெள்ளும்தான் என்பது அவர் கட்சி. ஒரு சீனன் எனக்குச் சொல்வதா என்று வூவை அவமானப்படுத்திவிட்டு, மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அவரே பிளேக்கில் இறந்தார். அதற்குப் பிறகு ஹார்பினில் மாஸ்க் கட்டாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். அந்தப் பிளேக்கில் செத்தவர்கள் சுமார் 60,000 பேர்.

வூ 1960இல் பினாங்கிலேயே காலமானார். 2020இல்தான் எங்கள் பிள்ளைகளுக்கே அவர் பெயர் மறுபடி ஞாபகம் வந்தது.

எண்சுவடி

நல்ல கதை. மெனி கதையில் மாஸ்க்கை விட எனக்குச் சுவாரசியம், அவர் ஏன் மறுத்தார் என்பது. பிளேக் எப்படிப் பரவும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். நூறு வருஷம் கழித்து 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவாது என்று தடித்த எழுத்தில் போட்டதும் அதே ரகம். துளி பெரியது, இரண்டு முழத்தில் விழுந்துவிடும் என்ற பாடப்புத்தகம். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து கடிதம் எழுத வேண்டியிருந்தது. பொதுமக்களும் துணி மாஸ்க் போடலாம் என்று அந்த நிறுவனம் சொன்னதே 2020 ஜூன் 5இல்தான்.

நான் சந்தேகப்படுவது மாஸ்க்கை அல்ல, "நிரூபணமாகிவிட்டது" என்ற சொல்லை. இரண்டு கட்சியும் அதைத்தான் சொல்கிறது.

நைட் டூட்டி

அப்ப கோக்ரேனை வெச்சு "வேலை செய்யாதுன்னு நிரூபணமாயிடுச்சு"ன்னு சொல்றதும் தப்புதானே சார்? அந்தத் தொகுப்பு வந்து ரெண்டு மாசத்துல கோக்ரேன் தலைமை ஆசிரியரே அறிக்கை விட்டாங்க. மாஸ்க் வேலை செய்யாதுன்னு அதைப் படிக்கறது தவறு, முடிவு தெளிவா இல்லைங்கறதுதான் சரின்னு. சோதிச்சது மாஸ்க்கை இல்லை, "மாஸ்க் போடுங்க"ன்னு சொன்னதால என்ன ஆச்சுங்கறதை. குடை எடுத்துட்டுப் போங்கன்னு ஊருக்குச் சொல்லிட்டு, எத்தனை பேர் நனைஞ்சாங்கன்னு எண்ணற மாதிரி. பாதிப் பேர் குடையை வீட்டுல வெச்சுட்டு வந்தா குடை ஒழுகுதுன்னா சொல்வீங்க?

முடிதிருத்தறவங்க கதை தெரியுமா? அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல, 2020 மே மாசம், கொரோனா இருந்த ரெண்டு பேர் 139 பேருக்கு முடி வெட்டியிருக்காங்க. எல்லாருமே மாஸ்க். பரிசோதனைக்கு ஒத்துக்கிட்டது 67 பேர், ஒருத்தருக்கும் இல்லை.

எண்சுவடி

குடை உவமை அபாரம், வகுப்பில் திருடிக்கொள்கிறேன். கோக்ரேன் அறிக்கை பற்றி நீங்கள் சொன்னது சரி.

முடிதிருத்துபவர் கதையை மட்டும் விடமாட்டேன். மாஸ்க் இல்லாமல் வெட்டியிருந்தால் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? ஒப்பிட இன்னொரு கடை இல்லையே. ஒப்பீடு இல்லாத கதை நம்பிக்கை தரும், எண் தராது.

ஒப்பீடு உள்ளது வேண்டுமென்றால் வங்கதேசம். நான் மதிக்கிற சோதனை அது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, சுமார் 600 கிராமம், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள். பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை வீடு தேடி இலவசமாகக் கொடுத்து, சந்தையிலும் மசூதியிலும் நின்று நினைவூட்டினார்கள். மாஸ்க் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆனார்கள். அறிகுறியோடு ரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று 9.5 சதவீதம் குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் தெளிவான பலன் தெரியவில்லை.

9.5 சிறிய எண்தான். ஆனால் பத்துப் பேரில் மூன்று பேர் கூடுதலாகப் போட்டதற்கான எண் அது.

இன்னொன்று. குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள், பரிசு தருவதாகவும் சொல்லிப் பார்த்தார்கள். அதனால் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை. ஓர் ஆள் எதிரே நின்று மரியாதையாக "மாஸ்க் போட்டுக்கோங்க" என்று சொன்னதுதான் எடுபட்டது. இங்கே 200 ரூபாய் அபராதம் போட்டோம். போலீஸைக் கண்டால் மேலே ஏற்றுவது, தாண்டியதும் தாடைக்கு இறக்குவது என்று ஊரே ஹெல்மெட் பழக்கத்தை மாஸ்க்குக்கும் மாற்றிக்கொண்டது.

அரட்டை அரசன்

அந்த 200ஐ நான் ரெண்டு தடவை கட்டினவன். ரெண்டாவது தடவை மாஸ்க் பாக்கெட்ல இருந்தது.

மட்டுறுத்துநர்

இடையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தடுப்பூசிச் சதி, கோமியம், கட்சி. கேள்வி கேட்டவரின் அப்பா பற்றிப் பேசுவோர் தொடரலாம்.

திண்ணைத்தாத்தா

நான் இழையைக் காலையில்தான் பார்த்தேன். அத்தை சொன்னாளே, "தொத்து வியாதின்னு நினைப்பாங்க" என்று. அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

எனக்கு எண்பத்தொன்று. 1950களில் என் தாயார் தாம்பரம் சானடோரியத்தில் பதினொரு மாசம் இருந்தாள். இன்றைக்கு அது ரயில்வே ஸ்டேஷன் பேர். அன்றைக்கு அந்தப் பேரை வீட்டில் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சௌரி முத்து என்ற டாக்டர் 1928இல் ஆரம்பித்தது, நல்ல காற்றுதான் மருந்து என்று. வீடு திரும்பின பிறகு எதிர்வீட்டார் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்தினார்கள். தாயார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேதான் பேசுவாள், குணமான பிறகும்.

அந்த நாட்களில்தான் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் வந்தது, 1956இல். பட்டணத்து ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீடுகள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் அதிகமாகத் தொற்றவில்லை. 1959இல் வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடினதற்கு அது ஒரு பெரிய காரணம். மருந்து உள்ளே போனால் தொற்றுவது குறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டாருக்கு அது தெரிந்திருந்தால் அந்த முந்தானை கொஞ்சம் முன்னதாகவே கீழே இறங்கியிருக்கும்.

அம்மாடி, அத்தையிடம் சண்டைக்குப் போகாதே. பத்திரிகை கொடுக்கப் போகிற வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவிடு: அப்பா உடம்புக்கு நம்மால் எதுவும் வந்துவிடக் கூடாது, சளி இருமல் இருக்கிறவர்கள் கிட்டே வராமல் தூர இருந்து அட்சதை போடுங்கள் என்று. யாரிடமிருந்து யாருக்கு என்பது தெரிந்துவிட்டால் வாய் மூடிவிடும். வாசலில் சந்தனம், கற்கண்டு வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் மாஸ்க்கும் வைத்துவிடு.

காவிரிக்கரை

தாத்தா, படிச்சதும் அம்மாகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். அம்மா எதுவும் சொல்லாம எழுந்து போய், கொஞ்ச நேரம் கழிச்சு அத்தைக்கு போன் பண்ணினாங்க.

எண்சுவடி

மாஸ்க் விஷயம் முடிந்தது என்றால் நான் உண்மையில் கவலைப்படுவதைச் சொல்கிறேன். ஏசி மண்டபம்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக்குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்குத்தான் உடம்பு சரியில்லை. முடிவில் 53 பேருக்கு வந்தது, அவர்களில் இருவர் இறந்தார்கள். மூடின அறை, உரத்த குரல், நீண்ட நேரம். எங்கள் கல்யாண மண்டபத்துக்கு இதைவிட நல்ல வர்ணனை கிடையாது. மேளச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டின ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற அதே மூச்சைக் குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. சாம்பிராணி போட்டால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பாருங்கள், அவ்வளவு நேரம் இருமலும் நிற்கும். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். மணவறைக்குப் பின்னால் கதவு இருந்தால் அதையும். ஹோமப் புகையைச் சாக்காகச் சொன்னால் மண்டபக்காரர் மறுக்க மாட்டார்.

நான் தஞ்சாவூரில்தான் இருக்கிறேன். என்னிடம் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு. திறந்த வெளியில், பத்து லட்சம் பங்குக் காற்றில் 420 பங்கு என்கிற மாதிரி காட்டும். மூடின அறையில் ஆட்கள் மூச்சுவிட விட ஏறும். அடுத்தவர் மூச்சை எவ்வளவு திரும்ப இழுக்கிறோம் என்பதற்கு அது ஒரு மறைமுகக் கணக்கு. வேண்டுமானால் எடுத்துப் போங்கள், திருப்பித் தந்தால் போதும்.

நைட் டூட்டி

சாப்பாடு பத்தி யாரும் சொல்லலை. பந்தியில அப்பாவை உட்கார வெக்காதீங்க. அங்கே எல்லா வாயும் திறந்திருக்கும். தனி ரூம்லயோ மொட்டை மாடியிலயோ இலை போட்டுக் கொடுங்க, அம்மாவும் கூட உட்காரட்டும். மாத்திரை நேரம் முகூர்த்தத்தோட இடிக்குதான்னு பார்த்துக்கோங்க. அது மாஸ்க்கை விட முக்கியம்.

காவிரிக்கரை (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேன், அதனால முழுசா எழுதறேன்.

அப்பா தலைப்பட்டை வெச்ச என்-95தான் போட்டார். மூணு நாள் வீட்ல பழகினார். முதல் நாள் மூச்சு முட்டுதுன்னார், மூணாம் நாள் அதைப் போட்டுக்கிட்டே அம்மாவைத் திட்டினார். சங்கல்பத்துல கோத்திரம் சொல்லும்போது ஐயர் ஒரு தடவை "என்ன?"ன்னார், அப்பா உரக்கச் சொன்னார், முடிஞ்சது. தாரை வார்க்கும்போது சித்தப்பா போட்டோ மணவறையில இருந்தது. அப்பா கண்ணு கலங்கி மாஸ்க் மேல் ஓரம் நனைஞ்சுடுச்சு. கையில வெச்சிருந்த இன்னொண்ணை மாத்திவிட்டேன்.

எண்சுவடி சார், மீட்டர்: வாசல்ல 430. காலையில ஜன்னல் திறந்திருந்தப்ப மணவறைகிட்ட 800 சொச்சம். யாரோ வெக்கையா இருக்குன்னு ஜன்னலை மூடி ஏசியைப் போட்டுட்டாங்க, முக்கால் மணி நேரத்துல 1900. தம்பிதான் போய்ச் சண்டை போட்டு மறுபடி திறக்க வெச்சான். லிங்க் அனுப்பின அதே தம்பி.

வாசல் தட்டுல நூறு மாஸ்க் வெச்சோம். எடுத்தது இருபது பேர் இருக்கும். அதுல பாதிப் பேர் குழந்தைக்கு விளையாட எடுத்துக்கிட்டாங்க. ஆனா அத்தை, ரெண்டு நாளா தொண்டை கட்டியிருந்தது போல, எங்ககிட்ட சொல்லாமலே ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டு, பின் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்துட்டாங்க. நலங்குப் பாட்டுக்குக் கூப்பிட்டப்பவும் வரலை.

அப்பாவுக்குச் சாப்பாடு மாடியில. அடைப் பிரதமனை மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கினார். மாத்திரை நேரத்துக்குப் போட்டாச்சு.

கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரத்துல சொந்தத்துல நிறையப் பேருக்குச் சளி, காய்ச்சல். அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. இதை நான் நிரூபணம்னு சொல்லலை சார்.

எண்சுவடி

சொல்லியிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அப்பா நன்றாக இருக்கிறார் என்பது போதும். மீட்டரை அவசரமில்லாமல் அனுப்புங்கள். பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனி

கண்ணீர்ல நனைஞ்சதை மாத்தினீங்க பாருங்க, அது ரொம்பச் சரிங்க. நனைஞ்சா மூச்சு இழுக்கறது கஷ்டம், ஓரம் பிடிச்சும் நிக்காது.

அரட்டை அரசன்

அதெல்லாம் இருக்கட்டும். கும்பகோணத்துல அடைப் பிரதமன் போட்ட சமையல்காரர் யாருங்க? தங்கச்சிக்குத் தை மாசம் முகூர்த்தம் பார்த்திருக்கோம்.